200 ஆம்பியர் இருக்கட்டும், முதலில் அந்த அம்மீட்டரைக் கவனியுங்கள்

கேள்வி: என்னிடம் 1979 மாடல் நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி இருக்கிறது. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டரின் தகட்டில் 55 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இருக்கிறது. வண்டியை வாங்கிய பிறகு 120 வாட் எல்இடி பார், 40 லிட்டர் ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜுக்கென்று இரண்டாவது பேட்டரி, முன்னால் சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்க வின்ச் என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். இப்போது ஐடிலிங்கில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது. இரவு காட்டில் தங்கினால் விடிவதற்குள் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. வின்ச் கொஞ்ச நேரம் இழுத்ததும் சோர்ந்துபோகிறது. நீண்ட நேரம் ஓட்டினால் டாஷ்போர்டு அம்மீட்டரின் பின்பக்கம் தொட முடியாமல் சுடுகிறது. 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர். மாட்டலாமா?

பதில்: அம்மீட்டர் சுடுகிறது என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மற்றவை எல்லாம் தொந்தரவு, இது ஆபத்து. அதனால் ஆல்டர்னேட்டர் பேச்சுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுவோம்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சார்ஜிங் கரண்ட் நேராகப் பேட்டரிக்குப் போகாது. இன்ஜின் சுற்றிவிட மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டுக்குள் வந்து, அம்மீட்டர் வழியாகப் புகுந்து, மறுபடி இன்ஜின் பக்கம் திரும்பிப் பேட்டரியை அடையும். முப்பது, நாற்பது ஆம்பியர் ஓடிய காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்பது வருட அதிர்வில் அம்மீட்டரின் நட்டுகள் தளர்ந்திருக்கும். ஒயர் நுனியில் மாட்டிய உலோக வளையமான லக்குக்கு அடியில் செம்பு கறுத்திருக்கும். கரண்ட் சிரமப்பட்டுப் போகிற அந்த இடம்தான் சுடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 சதுர மி.மீ. ஒயர், சுற்றி வரும் நீளம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.012 ஓம். 40 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அதிலேயே தொலைந்துபோகும்; ஒயர் முழுக்கச் சேர்ந்து 19 வாட் வெப்பம். அதே ஒயரில் 90 ஆம்பியரை விட்டால் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு, வெப்பமோ 95 வாட். கரண்ட் இரண்டே கால் மடங்கு ஏறினால் சூடு ஐந்து மடங்கு ஏறுகிறது. இது நல்ல ஒயருக்கான கணக்கு. தளர்ந்த நட்டு ஒன்று இடையில் இருந்தால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில் வந்து உட்காரும். இதில் உங்கள் நண்பர் சொல்கிற 200 ஆம்பியர் பெட்டியை மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை: பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மீட்டரின் இரண்டு ஒயர்களையும் எடுத்து, சுத்தம் செய்து, ஒரே போல்ட்டில் இறுக்கி, நன்றாக மூடிவிடுங்கள். அம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட் மீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஊசி ஆடுவதைப் பார்க்கும் சுகம் போய்விடும்தான். ஆனால் பேட்டரியின் நிலையை வோல்ட் மீட்டர்தான் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லும். பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

சரி, இனி கேள்விக்கு வருவோம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே நோயின் அறிகுறிகள் இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதில் ஒன்றுக்குத்தான் ஆல்டர்னேட்டர் பொறுப்பு.

வின்ச்சை முதலில் எடுத்துக்கொள்வோம், அது சுலபம். 12 வோல்ட் வின்ச் முழுப் பாரத்தில் இழுக்கும்போது 400 ஆம்பியரைத் தாண்டும். எந்த ஆல்டர்னேட்டரும் அதற்கு ஈடுகொடுக்காது, 200 ஆம்பியர் என்று எழுதியதும் கொடுக்காது. அந்தச் சுமையைத் தாங்குவது பேட்டரி. 400 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 7 ஆம்பியர்-மணி போய்விடும். உபரியாக 40 ஆம்பியர் கிடைத்தால்கூட அதைத் திருப்பிப் போடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பெரிய ஆல்டர்னேட்டர் இந்த இடைவெளியைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்கள் வின்ச் சீக்கிரம் சோர்கிறது என்றால் பேட்டரி கிழமாகிவிட்டது, அல்லது வின்ச்சின் ஒயரோ எர்த்தோ சரியில்லை. பேட்டரியை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது) செய்து பாருங்கள். வின்ச்சின் நெகட்டிவ் ஒயரை பம்பரிலோ சேஸிஸிலோ முடித்திருந்தால், அதை நேராகப் பேட்டரியின் நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள். இழுக்கும்போது ஹேண்ட் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி 1,500 ஆர்பிஎம் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே வின்ச்சை நிறுத்தி மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஓய்வு கொடுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதை இன்னும் தெளிவானது. அது இரவில் நிற்கிறது. இரவில் இன்ஜின் ஓடவில்லை. ஓடாத ஆல்டர்னேட்டர் 55 ஆம்பியராக இருந்தால் என்ன, 200 ஆக இருந்தால் என்ன? அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மாலையில் வண்டியை நிறுத்தும்போது இரண்டாவது பேட்டரி நிரம்பியிருந்ததா என்பதுதான். நீங்கள் சொல்கிற அளவு ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4, 5 ஆம்பியர் இழுக்கும். விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 2 ஆம்பியர் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் இருக்கிற 75 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி, பாதியைத் தாண்டி இறக்காமலேயே இதைச் சமாளிக்கும். சமாளிக்கவில்லை என்றால் அது நிரம்பவே இல்லை என்று அர்த்தம்.

ஏன் நிரம்பவில்லை? லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. எண்பது சதவீதம் வரை வேகமாக ஏறும். மிச்சம் இருபதுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் நீங்கள் எத்தனை ஆம்பியர் வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் பேட்டரி தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதுவும் அதன் டெர்மினலில் 14.2, 14.4 வோல்ட் கிடைத்தால்தான். வண்டியின் பின்னால் வைத்த பேட்டரிக்கு மெல்லிய ஒயரில் 13.4 வோல்ட்தான் போய்ச் சேர்கிறது என்றால், நாள் முழுக்க ஓட்டினாலும் அரைகுறையாகத்தான் ஏறும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒன்றின் கரண்ட் மற்றதுக்குப் போகாமல் பிரிக்கிற பழைய டயோடு வகை ஐசொலேட்டர் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு 0.6, 0.7 வோல்ட் தின்னும். அதை எடுத்துவிட்டு வோல்டேஜைப் பார்த்து இணைக்கிற ரிலே போடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் கரண்டை அளவோடு விடுகிற 25, 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். லித்தியத்தின் உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் தருவதை எல்லாம் அது வாங்கிக்கொண்டே இருக்கும். குறைந்த வேகத்தில், ஃபேன் காற்றும் குறைவாக உள்ள நேரத்தில், ஆல்டர்னேட்டர் ஒயிண்டிங் கருகிப்போகும்.

ஃப்ரிட்ஜுக்குப் போகும் ஒயரையும் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயரில் 4 மீட்டர் போய்த் திரும்பினால் 5 ஆம்பியருக்கு அரை வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும், ஃப்ரிட்ஜ் 11.5 என்று நினைத்து பேட்டரியைக் காப்பாற்றுவதாகத் தானே அணைந்துவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.12 வோல்ட்டோடு நின்றுவிடும்.

மிஞ்சியது ஹெட்லைட் மங்குவது. இதுதான் உண்மையிலேயே ஆல்டர்னேட்டரின் குறை. ஆனால் இங்கேயும் 200 என்ற எண் உங்களுக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர், ஆல்டர்னேட்டரின் தண்டு 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது தருவது. உங்கள் இன்ஜின் ஐடிலிங்கில் 700 வாக்கில் சுற்றும். கிராங்க் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 70 மி.மீ. என்றால் விகிதம் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். ஆல்டர்னேட்டர் 1,500 ஆர்பிஎம்தான் சுற்றுகிறது. சார்ஜ் ஆரம்பிக்கிற வேகத்தைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. 55 ஆம்பியர் பழைய ஆல்டர்னேட்டர் அந்த வேகத்தில் 20 ஆம்பியர் தந்தால் பெரிது. சூடேறிவிட்டால் அதுவும் குறையும்.

இனி செலவைப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் 8 ஆம்பியர், டெயில் லைட்டும் மீட்டர் லைட்டும் 3, புளோயர் முழு வேகத்தில் 10, வைப்பர் 5, ஃப்ரிட்ஜ் 5, எல்இடி பார் 9. மழை இரவில் 40 ஆம்பியர். வருவது 20. மீதி 20 பேட்டரியிலிருந்து போகிறது, வோல்டேஜ் 14லிருந்து 12க்கு இறங்குகிறது, லைட் மங்குகிறது. ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது. காட்டுப் பாதையில் நாள் முழுக்க முதல் கியரில், லோ ரேஞ்சில் ஊர்கிறவருக்கு ஐடிலிங் வேகம்தான் வாழ்க்கை. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது “அதிகபட்சம் எவ்வளவு” என்றல்ல, “1,500 ஆர்பிஎம்மில், சூடான நிலையில் எவ்வளவு” என்று.

இந்த எண்ணைச் சில தயாரிப்பாளர்கள் தகட்டிலேயே போடுவார்கள். போஷ் ஆல்டர்னேட்டர் பலவற்றில் 14 வோல்ட் 45/90 ஆம்பியர் என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முன்னது 1,500 ஆர்பிஎம்மில் கிடைப்பது, பின்னது 6,000த்தில் கிடைப்பது. தகட்டில் இல்லாவிட்டால் விற்பவரிடம் வேகத்துக்கும் கரண்டுக்குமான வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லை, ஆனால் 200 ஆம்பியர் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நான் வாங்க மாட்டேன். பழைய சின்ன உடலுக்குள் பெரிய எண்ணைக் கொண்டுவர ஸ்டேட்டரில் (சுற்றாமல் நிற்கும் சுருள் பகுதியில்) தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றுவார்கள். மேல் வேகத்தில் கரண்ட் கூடும். சார்ஜ் ஆரம்பிக்கிற வேகமும் அதோடு மேலே போய்விடும். அதாவது நெடுஞ்சாலையில் 200, ஐடிலிங்கில் பழைய 55ஐவிடக் குறைவு என்பதுகூட நடக்கும். உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

என் கணிப்பில் உங்கள் வண்டிக்கு 90 முதல் 110 ஆம்பியர் போதும், ஐடிலிங்கில் 40க்கு மேல் தருவதாக இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் புல்லியை 60 மி.மீ. ஆகச் சின்னதாக்கினால் அதே ஐடிலிங்கில் 1,750 ஆர்பிஎம் கிடைக்கும். டீசல் இன்ஜின் 4,000த்தைத் தொட்டால்கூட ஆல்டர்னேட்டர் 10,000தான் சுற்றும், பெரும்பாலானவை அதைத் தாங்கும். ஆனால் புல்லி சின்னதாக ஆக பெல்ட் பிடிக்கிற பரப்பும் குறையும். ஒற்றை வி-பெல்ட்டில் அதை அளவுக்கு மீறிச் செய்யாதீர்கள்.

பெல்ட் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். 100 ஆம்பியர் என்றால் 1,400 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் ஐம்பத்தைந்து சதவீதம் வாக்கில்தான் இருக்கும் என்பதால், பெல்ட் கடத்த வேண்டியது 2.5 கிலோவாட், அதாவது மூன்றரை குதிரைத்திறன் வரை. ஒற்றை வி-பெல்ட் நல்ல நிலையில், சரியான இறுக்கத்தில் இருந்தால் இதைச் சமாளிக்கும், அதுவும் கிட்டத்தட்ட எல்லையில்தான். 200 ஆம்பியருக்கு ஏழு குதிரைத்திறன் வேண்டும். இரட்டை வி-பெல்ட்டோ பல வரி ரிப்டு பெல்ட்டோ இல்லாமல் நடக்காது. உங்கள் வண்டியில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், வழுக்குகிற பெல்ட் சார்ஜை மட்டும் கெடுக்காது, இன்ஜினையும் சூடாக்கிவிடும். ஏற்றத்தில் டெம்பரேச்சர் ஏறியதற்கு ரேடியேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவிவிட்டு, கடைசியில் பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் வழவழத்திருப்பதைக் கண்டவர்கள் உண்டு.

ஆனால் இதையெல்லாம்விட உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த வேக்குவம் பம்ப். பழைய டொயோட்டா லேண்ட் குரூசர், நிஸான் பேட்ரோல் போன்ற டீசல் வண்டிகள் பலவற்றில் பெடல் மிதிக்குத் துணைசெய்கிற பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பம்ப்தான். டீசல் இன்ஜினின் இன்லெட்டில் பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோல வேக்குவம் இருக்காது, அதனால் இந்த ஏற்பாடு. உங்கள் நண்பர் சொல்கிற 200 ஆம்பியரில் இந்தப் பம்ப் இருக்கிறதா? இல்லையென்றால் லைட் பளிச்சென்று எரியும், பிரேக் கல்லாகிவிடும். தனியாக எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப் வைக்கலாம் என்பார்கள். வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கத்தில் ஒரு ரிலேயை நம்பி பிரேக் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அதனால் உங்கள் இன்ஜின் குடும்பத்திலேயே பின்னால் வந்த மாடல்களில் பம்ப்போடு சேர்ந்து வந்த பெரிய ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் 80, 90 ஆம்பியர்களில் ஒன்று இருக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: கால் பிடிக்கிற போல்ட்டின் இடைவெளி, புல்லியின் பள்ளம், 12 வோல்ட்டா 24 வோல்ட்டா (சில டீசல் லேண்ட் குரூசர்கள் 24 வோல்ட்டில் வந்தவை, பார்ப்பதற்கு அப்படியே இருக்கும்), பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது, பம்ப் தண்டின் பல் எண்ணிக்கை, எண்ணெய் வரும் குழாயும் திரும்பும் குழாயும் எங்கே இருக்கின்றன. திரும்பும் குழாய் வழியெங்கும் கீழ்நோக்கியே போக வேண்டும். எங்காவது மேலேறினால் எண்ணெய் பம்ப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

மாட்டும்போது பம்ப்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவிலுள்ள ஆயில் சீலைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்த வகை ஆல்டர்னேட்டர் சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் அந்தச் சீல்தான். அதில் கசிகிற எண்ணெய் ஸ்லிப் ரிங்கில் (சுழலும் பகுதிக்கு பிரஷ் வழியாகக் கரண்ட் வாங்கும் வளையம்) படிந்து, கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்பு மசியாகிவிடும். பிரஷ் தன் கூட்டுக்குள் நகராமல் மாட்டிக்கொள்ளும். சார்ஜ் வரும், போகும், மறுபடி வரும். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆல்டர்னேட்டரின் பின்பக்க ஓட்டைகளில் விரலை வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது.

புதியதை வாங்கும் முன் இப்போதுள்ளதை அளந்துவிடுவது நல்லது. இன்ஜினை 1,500லிருந்து 2,000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி ப்ளஸ் (கரண்ட் வெளியே வருகிற) போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் வையுங்கள். லக்கில் வேண்டாம், கம்பத்திலேயே. மீட்டர் காட்டுவது வழியில் தொலைகிற வோல்டேஜ். 0.2, 0.3க்குள் இருந்தால் நல்லது. உங்கள் வண்டியில் முக்கால் வோல்ட் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். அடுத்து ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவே அதேபோல அளங்கள், 0.1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக மீட்டரை ஏசிக்கு மாற்றிப் பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட் ஏசி காட்டினால் டயோடு ஒன்று போய்விட்டது. உங்கள் 55 ஆம்பியர் பாவம் 35தான் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பரிசோதனை அது. ஆல்டர்னேட்டர் நிறையக் கரண்ட் தந்துகொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று எடுத்தால், 12 வோல்ட் வண்டியில்கூட 80, 100 வோல்ட் வரை ஒரு கணம் எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் போகும், கூடவே ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டும் போகலாம்.

ஒயரிங் வேலையைப் புது ஆல்டர்னேட்டருக்கு முன்பே முடியுங்கள். பி ப்ளஸ்ஸிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு நேராக 25 சதுர மி.மீ. ஒயர். ஒன்றரை மீட்டருக்கு 90 ஆம்பியரில் 0.1 வோல்ட்தான் இழப்பு. 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 125 அல்லது 150 ஆம்பியர் ஃப்யூஸ், அதுவும் பேட்டரி முனைக்குப் பக்கத்தில். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் நெருப்பை மூட்டப்போவது பேட்டரி, ஆல்டர்னேட்டர் அல்ல. டாஷ்போர்டுக்குப் போகும் பழைய ஒயருக்குப் பேட்டரியிலிருந்து தனியாக 40 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகக் கொடுங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் கழற்றிய பழைய ஒயரின் நுனியை அப்படியே தொங்கவிடாதீர்கள். அம்மீட்டரில் இரண்டையும் இணைத்துவிட்டதால் அதில் இனி எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும்.

எர்த்தைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது; ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. அழகுக்காகப் பிராக்கெட்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டினால் எர்த் அந்தப் பெயிண்ட்டோடு நின்றுவிடும். போல்ட் தலை உட்காருகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக உலோகம் தெரியும்படி செய்யுங்கள். கூடவே ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு இன்னொரு 25 சதுர மி.மீ. ஒயர். லக்கை அதற்குரிய கருவியில் அழுத்துங்கள், சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். பழைய ஒயரை வெட்டி உறையை உரித்ததும் உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டாம். ஒயரையே மாற்றிவிடுங்கள்.

சின்ன இணைப்புகளில் இரண்டு விஷயம். சார்ஜிங் லைட்டின் பல்பு வெறும் எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. டி ப்ளஸ் வகை (சார்ஜிங் லைட்டின் ஒயர் சேர்கிற முனை உள்ள) ஆல்டர்னேட்டருக்கு முதல் காந்தத்தை ஊட்டுவதே அந்த 2, 3 வாட் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான். அதை எல்இடியாக மாற்றியிருந்தால், ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் வராது, ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால்தான் வரும். பழைய பல்பையே போடுங்கள், அல்லது எல்இடிக்குப் பேரலலாக 60 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். எஸ் என்று குறித்த சென்ஸ் டெர்மினல் இருந்தால் அதைச் சின்ன ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவுக்கே கொண்டுபோங்கள். அப்போதுதான் ரெகுலேட்டர் தன் வாசலில் உள்ள வோல்டேஜைப் பார்த்துத் திருப்தியடையாமல் பேட்டரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். உங்கள் பழைய ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக இன்ஜின் அறையின் சுவரில் இருந்தால், உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள புதியதை மாட்டும்போது அந்தப் பெட்டியை முழுவதும் விலக்க வேண்டும். இதற்கு உங்கள் வண்டியின் சர்க்யூட் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். டபிள்யூ என்று குறித்த டெர்மினலில் இன்ஜின் வேகம் காட்டும் டாக்கோமீட்டர் இருந்தால் புல்லி மாறியதும் அது பொய் சொல்ல ஆரம்பிக்கும், சரிசெய்துகொள்ளலாம்.

மாட்டி முடித்ததும் இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டியை வைத்துப் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் உள்ளே போக வேண்டும். புது பெல்ட் அரை மணி ஓடியதும் தளரும், மறுபடி இறுக்குங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்: இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பெடலை மிதியுங்கள். முதல் இரண்டு மூன்று மிதிக்கு மென்மையாக இறங்கி அப்புறம் கெட்டியானால் வேக்குவம் தங்குகிறது என்று பொருள். பிறகு எல்லா லைட்டையும் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லக்கின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

சேற்றில் இறங்கி வந்த அன்றே ஆல்டர்னேட்டரைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள், இன்ஜின் ஆறிய பிறகு. பிரஷர் வாஷரை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும்.

பழைய 55 ஆம்பியரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரஷ், இரண்டு பேரிங், அந்த ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றி, துணியில் சுற்றி, கருவிப் பெட்டியோடு வைத்திருங்கள். ஒரே குடும்பத்து ஆல்டர்னேட்டராகப் பார்த்து வாங்கினால், அதே பிராக்கெட்டில், அதே குழாய்களில் இதுவும் உட்காரும். நடுக்காட்டில் புதியது நின்றுபோனால் பிரேக்கோடும் லைட்டோடும் வெளியே வர இந்த 55 போதும், எல்இடி பாரை மட்டும் அணைத்துவிடுங்கள்.